சக்கரங்களுக்கு நடுவே

வெண்திரையிலே வீரச் செயலைக் கண்டு மகிழ்தல் எளிது. அரங்கின் விளக்குகள் அணைகின்றன; திரை ஒளிர்கின்றது; ஓடும் வண்டியிலிருந்து ஒருவர் தாவுகின்றார். காண்போர் மூச்சை அடக்கிக் கொள்கின்றனர். அவர் பிழைத்தார் என்று கண்டவுடன் அரங்கம் முழுவதும் ஆரவாரம் எழுகின்றது. படம் முடிந்து வெளியே வருவோர் கதைத்தலைவராக நடித்தவரின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டுகின்றனர். ஆயினும், அந்த வண்டியிலிருந்து உண்மையாகவே தாவியவர் யார் என்று வினவுவோர் மிகச் சிலர். அன்று மாலை அவர் தம் இல்லத்திற்கு நலமாகத் திரும்பினாரா என்று எண்ணிப் பார்ப்போர் அவர்களினும் சிலர்.

அத்தகைய மனிதர் ஒருவரின் வரலாறு இது. அவருடன் ஒரு பழைய இராணுவ லாரியின் வரலாறும், பாலைநிலத்தில் தோண்டப்பட்ட ஒரு பள்ளத்தின் வரலாறும் கலந்துள்ளன.

‘ரைடர்ஸ் ஆப் தி லாஸ்ட் ஆர்க்’ என்பது 1981-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் என்பவர் அதன் இயக்குநர். கதை நிகழும் காலம் 1936. இப்பகுதி நிகழும் இடம் எகிப்து. பழம்பெரும் புனிதப் பேழை ஒன்றை நாஜிப் படையினர் ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு விரைகின்றனர். தொல்பொருள் ஆராய்ச்சியாளரான இந்தியானா ஜோன்ஸ் குதிரைமீது துரத்தி வந்து, ஓடும் லாரியில் தாவி ஏறுகின்றார். ஓட்டுநரின் அறைக்குள் கடும் போர் மூள்கின்றது. எதிரி ஒருவன் அவரை முன்கண்ணாடியின் வழியே வெளியே தள்ளிவிடுகின்றான். அவர் லாரியின் முகப்பைப் பற்றிக்கொண்டு தொங்குகின்றார். பிடி சிறிது சிறிதாக நழுவுகின்றது. வேறு வழியின்றி அவர் லாரியின் அடியிலே புகுந்து, மல்லாந்து கிடந்தவாறே, வண்டியின் அடிப்பாகத்தைக் கை மாற்றிக் கை மாற்றிப் பற்றிப் பின்புறம் நோக்கி நகர்கின்றார். இருபுறமும் சக்கரங்கள் சுழல்கின்றன. இறுதியில் தம் சாட்டையை வண்டியின் அடியில் மாட்டி, அதனைப் பிடித்தவாறு புழுதியில் இழுபட்டுச் செல்கின்றார். பிறகு அச்சாட்டையையே கயிறாகக் கொண்டு ஏறிவந்து, லாரியை மீண்டும் கைப்பற்றுகின்றார்.

இந்தியானா ஜோன்ஸாக நடித்தவர் ஹாரிசன் ஃபோர்டு. லாரியின் பின்னால் இழுபட்டுச் செல்லும் காட்சிகள் சிலவற்றில் அவரே நடித்தார். அதனால் உடலில் நோவும் உற்றார். ஆயினும் சக்கரங்களுக்கு நடுவே, லாரியின் அடியிலே சென்றவர் அவரல்லர். அவர் அணிந்த தொப்பியையும் மேற்சட்டையையும் போன்ற உடையணிந்து, அவருக்கு மாற்றாக நின்றவர் டெர்ரி லெனார்டு என்னும் சாகசக் கலைஞர். இவ்வாறு நடிகருக்கு மாற்றாக நிற்பவரைத் திரைப்படத் தொழிலில் உள்ளோர் ‘டூப்’ என்று வழங்குவர். டூப்பின் முகம் திரையில் தெரிதல் கூடாது. தெரிந்தால் காட்சி கெட்டுவிடும். தம் முகத்தை மறைத்துக்கொள்வதே அவர் தொழிலின் முதல் விதி.

லெனார்டு அந்த லாரியின் அடியிற் புகுவதற்குச் சற்று முன்னர், வேறொரு படத்திற்காக இத்தகைய செயலையே செய்ய முற்பட்டிருந்தார். ‘தி லெஜண்ட் ஆப் தி லோன் ரேஞ்சர்’ என்பது அப்படத்தின் பெயர். அதில் லாரிக்கு மாறாகக் குதிரைகள் பூட்டிய கோச்சு வண்டி; அதன் அடியிலே அவர் செல்ல வேண்டும். அம்முயற்சி தவறிப்போயிற்று. வண்டியின் சக்கரங்கள் அவருடைய கால்களின்மேல் ஏறிச் சென்றன. ஒருமுறை சக்கரத்தின் சுமையைக் கால்களில் தாங்கியவர், மறுமுறை அதனினும் பன்மடங்கு எடையுள்ள இராணுவ லாரி ஒன்றின் அடியிற் புகுவதற்குத் தாமே விரும்பி முன்வந்தார். இதனைத் துணிவு என்பதா, பிடிவாதம் என்பதா? விடை காண வேண்டுமாயின், இச்செயலை முதன்முதல் புகழ்பெறச் செய்த ஒருவரை அறிதல் வேண்டும்.

யாக்கிமா கனட் என்பவர் 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்தவர். முரட்டுக் குதிரைகளை அடக்கி ஏறும் போட்டிகளில் இளமையிலேயே வெற்றி கண்டவர். அவ்வழியே திரையுலகத்தில் நுழைந்து, குதிரைச் சாகசங்களில் ஒப்பற்றவராக விளங்கினார். ஜான் ஃபோர்டு இயக்கிய ‘ஸ்டேஜ்கோச்’ என்னும் படம் 1939-இல் வெளிவந்தது. இந்த ஃபோர்டுக்கும் மேலே கூறிய நடிகர் ஃபோர்டுக்கும் பெயரொற்றுமையன்றி வேறு தொடர்பில்லை. அப்படத்தில், வறண்ட ஏரிப்படுகை ஒன்றின்மீது ஆறு குதிரைகள் பூட்டிய கோச்சு வண்டி பாய்ந்து செல்கின்றது. அபாச்சே வீரர் வேடம் பூண்ட கனட், தாம் ஏறிவந்த குதிரையிலிருந்து வண்டியின் முன்னணிக் குதிரைகள்மீது தாவுகின்றார். சுடப்பட்டவர்போல் நழுவி, குதிரைகளுக்கு இடையே உள்ள ஏர்க்காலைப் பற்றியவாறு தரையில் இழுபடுகின்றார். மீண்டும் சுடப்பட்டவர்போல் கைகளை விட்டுவிடுகின்றார். பின்வரும் குதிரைகளின் குளம்புகளும், வண்டியின் சக்கரங்களும் அவருக்கு இருமருங்கிலும் கடந்து செல்கின்றன.

அதே காட்சியில், ஜான் வேய்ன் நடித்த கதைத்தலைவர் ஓடும் குதிரைகளின் மேல் இணைவிட்டு இணை தாவி முன்னேறுகின்றார். அங்கே வேய்னுக்கு டூப்பாகத் தாவியவரும் கனட்டே ஆவார். சுடப்பட்டு வீழ்பவரும் அவர். சுடுபவரின் சார்பில் தாவுபவரும் அவர். காண்போர் இருவரையும் தனித்தனி மனிதராகவே எண்ணினர்.

கனட்டின் செயலில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. குதிரைகளை மெதுவாக ஓட்டினால் ஆபத்து குறையும் என்றே எவரும் எண்ணுவர். கனட் அதற்கு நேர்மாறாகக் கருதினார். மெதுவாகச் செல்லும் குதிரைகள் இப்புறமும் அப்புறமும் விலகும். அவற்றின் குளம்பு எங்கே விழும் என்று கூற இயலாது. முழு விரைவில் ஓடும் குதிரைகளோ நேர்க்கோட்டில் ஓடும். ஆகவே குதிரைகளை வேகமாகவே செலுத்த வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கைவிட்ட பிறகு தம் கைகளையும் கால்களையும் உடலோடு ஒட்டி நீட்டி, அசையாது கிடந்தார். குதிரைகளின் இயல்பைப் பல்லாண்டுகள் உற்று நோக்கியவருக்கே இவ்வறிவு கைகூடும். காண்போருக்குப் பித்தர் செயலாகத் தோன்றிய ஒன்று, செய்தவருக்கு ஒரு கணக்காக இருந்தது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், அந்தக் குதிரை வண்டி லாரியாக மாறிற்று. ‘ரைடர்ஸ்’ படத்தின் லாரிக் காட்சி, கனட்டின் அருஞ்செயலுக்குச் செலுத்தப்பட்ட வணக்கமாகவே அமைந்தது. ஆனால், குதிரையின் இயல்பு வேறு. இயந்திரத்தின் இயல்பு வேறு. குதிரை தன் காலடியில் கிடப்பவரை மிதிக்காமல் விலக முயலும். லாரிக்கு அவ்வுணர்வு இல்லை. அதன் சார்பில் மனிதரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த லாரியைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். திரையில் அது 1930-களைச் சேர்ந்த ஜெர்மானிய மெர்சிடிஸ் லாரியாகக் காட்சி தருகின்றது. உண்மையில் அதன் அடிச்சட்டம் அமெரிக்க இராணுவத்திற்கென்று செய்யப்பட்ட ஜி.எம்.சி. லாரியினுடையது. அதன்மேல் ஜெர்மானிய வண்டியைப் போன்ற முகப்பையும் உடலையும் பொருத்தினர். ஆகவே அக்காட்சியில் மாற்றுவேடம் பூண்டோர் இருவர்: ஒருவர் லெனார்டு, மற்றொன்று லாரி.

இராணுவ லாரிகள் சாகசக் காட்சிகளுக்கு ஏற்றவையாக இருப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. அவற்றின் அடிச்சட்டம் ஏணியைப் போன்று நீண்ட இரு இரும்புச் சட்டங்களாலும் குறுக்குச் சட்டங்களாலும் ஆனது. மேடுபள்ளங்களில் ஏறி இறங்கினாலும் முறியாத உறுதி வாய்ந்தது. மேலுடல் அதனோடு தனியாகப் பிணைக்கப்பட்டிருத்தலால், அதனைக் கழற்றி வேறோர் உடலைப் பொருத்துதல் கூடும். சேற்றையும் கல்லையும் கடக்க வேண்டியிருத்தலால், அவ்வண்டிகளின் அடிப்பாகம் தரையிலிருந்து உயர்ந்திருக்கும். சக்கரங்கள் அனைத்திற்கும் எஞ்சினின் விசை செல்லும். மேலும், போர் முடிந்தபின் இத்தகைய லாரிகள் பல்லாயிரக் கணக்கில் உபரிப் பொருள்களாக விற்கப்பட்டன. போர்க்களத்திற்கென்று பிறந்த வண்டிகள் பண்ணைகளுக்கும், சுரங்கங்களுக்கும், திரைப்பட நிலையங்களுக்கும் சென்று சேர்ந்தன.

இரண்டரை டன் சுமையைக் கரடுமுரடான நிலத்திலும் ஏற்றிச் செல்லவல்ல அந்த ஜி.எம்.சி. லாரி, 1941 முதல் 1945 வரை 5,60,000-க்கு மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டது. 1944-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. ஆகஸ்டில் அவை விரைந்து முன்னேறியபோது, பெட்ரோலும் குண்டுகளும் உணவும் அவற்றைத் தொடர்ந்து செல்ல முடியவில்லை. இருப்புப் பாதைகளோ முன்னரே தகர்க்கப்பட்டிருந்தன. அந்நிலையில் ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ என்னும் லாரி அணிவகுப்பு ஆகஸ்டு 25-ஆம் நாள் தொடங்கி நவம்பர் 16-ஆம் நாள் வரை இரவும் பகலும் இயங்கியது. மிகுதியாக இயங்கிய ஒரு நாளில், ஏறத்தாழ 6,000 வண்டிகள் 12,500 டன் பொருள்களைச் சுமந்து சென்றன. ஓட்டுநர்களில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். அந்நாளில் அமெரிக்க இராணுவம் நிறவேற்றுமை பாராட்டி அவர்களைத் தனிப்பிரிவுகளில் வைத்திருந்தது. போர்முனைப் பணிகளைப் பெரும்பாலும் அவர்களுக்கு அளிக்கவில்லை. வெற்றியைச் சுமந்து சென்ற கைகளின் பெயர்களை வெற்றிச் செய்திகள் அதிகம் கூறவில்லை.

முகம் தெரியாமல் உழைத்தவர்கள் ஓட்டிய வண்டியின் இனத்தைச் சேர்ந்த ஒரு லாரி, முகம் தெரியாமல் உழைக்கும் மற்றொருவரின் மேல் ஓடுவதற்காக, வட ஆப்பிரிக்காவிலுள்ள துனீசியா நாட்டிற்கு வந்து சேர்ந்தது. 1980-ஆம் ஆண்டில் அங்கேதான் அக்காட்சி படமாக்கப்பட்டது. எகிப்துப் பாலைநிலமாகத் திரையில் தோன்றுவது துனீசிய மண்ணே ஆகும்.

லெனார்டு இம்முறை வெறுந்துணிவை மட்டும் நம்பவில்லை. முதலாவதாக, லாரியின் உடல் வழக்கத்தினும் உயரமாக அமையும்படி செய்யப்பட்டது. அடியிற் செல்பவரின் உடலுக்கும் வண்டியின் இரும்பு உறுப்புகளுக்கும் இடையே போதிய வெளி வேண்டும் என்பதே காரணம். இரண்டாவதாக, சாலையின் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் தோண்டப்பட்டது. லாரியின் இருபுறச் சக்கரங்களும் பள்ளத்தின் இரு கரைகளிலும் ஓடும். மனிதரின் உடல் பள்ளத்திற்குள் தாழ்ந்து செல்லும். மேலே உயர்த்தியதும் கீழே தாழ்த்தியதும் சேர்ந்து, உயிர் பிழைப்பதற்கு வேண்டிய இடத்தை உண்டாக்கின.

மூன்றாவதாகக் காமிராவின் உதவி கிடைத்தது. திரைப்படம் என்பது தனித்தனி நிழற்படங்களின் வரிசை. நொடிக்கு 24 படங்கள் வீதம் அவ்வரிசை திரையில் காட்டப்படுகின்றது. படம் பிடிக்கும்போது நொடிக்கு 20 படங்கள் வீதமே எடுத்து, காட்டும்போது 24 வீதம் காட்டினால், ஆறு நொடியில் நிகழ்ந்த செயல் ஐந்து நொடியில் முடிந்துவிடும். அஃதாவது, மணிக்கு 20 மைல் வேகத்தில் செல்லும் வண்டி 24 மைல் வேகத்தில் செல்வதாகத் தோன்றும். இம்முறையால் லாரியை மட்டான வேகத்தில் ஓட்டியும் காண்போருக்குக் கடுவேகத்தைக் காட்டலாம். கனட்டுக்கு வேகமே பாதுகாப்பாயிற்று. லெனார்டுக்கோ வேகக் குறைவே பாதுகாப்பாயிற்று. குதிரைக்கு ஒரு கணக்கு. லாரிக்கு மற்றொரு கணக்கு. முன்னோர் செய்ததை அப்படியே செய்யாமல், முன்னோர் எண்ணியதுபோல் எண்ணிப் பார்த்தமையே லெனார்டு குழுவினரின் சிறப்பு.

நான்காவது ஏற்பாடு இவை அனைத்தினும் முக்கியமானது. லாரியை ஓட்டுபவர் கிளென் ராண்டலாக இருந்தால் மட்டுமே தாம் இதற்கு உடன்படுவதாக லெனார்டு கூறினார். ராண்டல் அப்படத்தின் சாகசக் காட்சிகளை ஒருங்கமைத்தவர். லெனார்டின் நெடுநாள் நண்பர். அடியில் கிடப்பவரால் வண்டியைத் திருப்ப இயலாது, நிறுத்த இயலாது. ஓட்டுநரோ தம் இருக்கையிலிருந்து கீழே கிடப்பவரைக் காண இயலாது. பள்ளத்தின் கரையினின்று சக்கரம் சிறிது விலகினாலும், ஒருவரின் உயிர் போய்விடும். ஆகவே, கண்ணால் காண முடியாத நண்பரைக் கருத்தில் இருத்திக்கொண்டு, சுழலியைச் சிறிதும் பிசகாமல் பிடிக்கவல்ல கை வேண்டும். லெனார்டு தம் உயிரை லாரியிடம் ஒப்படைக்கவில்லை. அந்தக் கையிடம் ஒப்படைத்தார்.

காட்சி படமாக்கப்பட்டது. லாரி லெனார்டின் மேலாகச் சென்றது. முன்பு கோச்சு வண்டியில் தவறிய செயல் இம்முறை நிறைவேறிற்று. அவர் எழுந்து நின்றார். திரையில் சில நொடிகளே நீடிக்கும் அக்காட்சியை, இன்றும் சாகசக் கலையின் சிறந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக அத்தொழிலில் உள்ளோர் போற்றுகின்றனர்.

மேலே எழுப்பிய வினாவிற்கு இப்போது விடை கூறலாம். லெனார்டின் செயல் பிடிவாதம் அன்று. பிடிவாதமாயிருந்தால், முன்பு செய்த முறையிலேயே மீண்டும் செய்திருப்பார். அவர் தோல்வியிலிருந்து கற்றார். அச்சத்தை மறைத்துக் கொள்ளாமல், அச்சத்திற்குக் காரணமானவை எவை என்று ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காப்புத் தேடினார். அதன் பின்னரும் எஞ்சி நின்ற சிறிதளவு ஆபத்தை மட்டுமே தம் துணிவால் ஏற்றார். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதும் அறிவே என்பதை உணர்ந்தவருடைய வீரம் அது.

கணக்குத் தவறினால் நேர்வது என்ன என்பதற்கும் திரையுலகில் சான்று உண்டு. 1982-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கலிபோர்னியாவில் நள்ளிரவு கடந்த நேரத்தில், போர்க்காட்சி ஒன்று படமாக்கப்பட்டது. தாழப் பறந்த ஹெலிகாப்டர் ஒன்று வெடிகளால் நிலைகுலைந்து கீழே விழுந்தது. நடிகர் ஒருவரும், நடிக்க அழைத்து வரப்பட்ட குழந்தைகள் இருவரும் அவ்விடத்திலேயே மாண்டனர். அதன் பின்னரே பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. திரைக்காட்சி எத்துணை அழகியதாயினும், அதற்காக ஓர் உயிரை விலையாகக் கொடுத்தல் தகாது. பள்ளம் தோண்டுவதற்குச் செலவாகும் ஒரு நாளை வீண்நாள் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இராணுவ லாரிகள் இன்றும் திரையில் ஓடுகின்றன. ஜார்ஜ் மில்லர் இயக்கிய ‘மேட் மேக்ஸ்: பியூரி ரோடு’ என்னும் படம் 2012-இல் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் நமீபியப் பாலைநிலத்தில் எடுக்கப்பட்டு, 2015-இல் வெளிவந்தது. அதில் முரசுகளையும் இசைக்கருவிகளையும் சுமந்து செல்லும் விந்தை வண்டி ஒன்று வரும். எட்டுச் சக்கரங்கள் கொண்ட ஜெர்மானிய இராணுவ லாரி ஒன்றே அவ்வாறு உருமாற்றப்பட்டது. அப்படத்தில் ஓடும் வண்டிகளின்மேல் நட்ட நெடுங்கழிகளின் உச்சியில் மனிதர்கள் ஊசலாடிச் செல்கின்றனர். உண்மையாகவே இதனைச் செய்வது ஆபத்தானது என்று இயக்குநர் முதலில் தயங்கினார். சாகசக் காட்சிகளை ஒருங்கமைத்த கை நாரிஸ், கழியின் அடியில் எடைகளைப் பொருத்தி, துலாக்கோலைப்போல் அதனைச் சமநிலைப்படுத்திக் காட்டிய பின்னரே தயக்கம் நீங்கிற்று. கலைஞர்களைப் பிணைத்திருந்த காப்புக் கம்பிகள் பின்னர்க் கணிப்பொறியின் உதவியால் படத்திலிருந்து அழிக்கப்பட்டன. கருவிகள் மாறியுள்ளன, ஆனால் அளவிடுதலும், ஒத்திகையும், ஒருவரை ஒருவர் நம்புதலும் மாறவில்லை.

இத்தகையோருக்கு உலகம் அளித்த சிறப்பு யாது? கனட்டுக்கு 1967-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது. அவருடைய சாகசங்களுக்காக மட்டும் அவ்விருது வழங்கப்படவில்லை. சாகசக் கலைஞர்களின் உயிரைக் காக்கும் கருவிகளை ஆக்கியமைக்காகவும் வழங்கப்பட்டது. குதிரையிலிருந்து விழுபவரின் கால் சிக்கிக் கொள்ளாமல் எளிதில் விடுபடும் அங்கவடி அவற்றுள் ஒன்று. தாம் பட்ட நோவைப் பிறர் படாதவாறு செய்தவர் அவர். 1959-இல் வெளிவந்த ‘பென்ஹர்’ படத்தின் புகழ்மிக்க தேரோட்டக் காட்சியும் அவர் மேற்பார்வையில் உருவானதே ஆகும். அவர் 1986-இல் மறைந்தார்.

ஆயினும் ஆண்டுதோறும் ஆடை அலங்காரத்திற்கும், இசைக்கும், ஒலிக்கும் விருது வழங்கிவந்த அக்கழகம், சாகசக் கலைக்கென்று தனி விருது ஒன்றை நெடுங்காலம் ஏற்படுத்தவில்லை. 1929-இல் முதல் விருது விழா நடைபெற்றது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில்தான், சாகசக் காட்சி அமைப்புக்கெனத் தனி விருது ஏற்படுத்தப்படும் என்றும், 2027-இல் வெளிவரும் படங்களிலிருந்து அது வழங்கப்படும் என்றும் கழகம் அறிவித்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் காத்திருந்த பின்னர்க் கிடைத்த அறிவிப்பு அது.

புகழுக்காகவே ஒரு செயலைச் செய்பவர் இத்தொழிலுக்கு ஏற்றவராகார். முகம் தெரியாது, பெயர் படத்தின் இறுதியில் விரைந்து ஓடும் எழுத்துகளுக்கு இடையே மறைந்துவிடும். ஆயினும் செயல் செம்மையாக நிறைவேறியது என்னும் நிறைவும், உடன் உழைத்தோர் அனைவரும் நலமாக உள்ளனர் என்னும் மகிழ்ச்சியும் அவர்களுக்கு உண்டு. பாலம் கட்டுவோரும், ஆழ்கடலில் மூழ்குவோரும், சுரங்கத்தில் இறங்குவோரும் பெறும் நிறைவும் இத்தகையதே.

ஓடும் லாரியின் அடியில் ஒருவர் நகர்ந்து செல்லும் அக்காட்சியை இனிக் காண நேரும் மாணவர், அவருடைய துணிவைக் கண்டு வியத்தல் இயல்பே. அவ்வியப்போடு நின்றுவிடாமல், அந்தப் பள்ளத்தைத் தோண்டியவர்களையும், வண்டியை உயர்த்திய கம்மியர்களையும், கீழே கிடக்கும் நண்பரைக் காண இயலாமலே சுழலியை நேராகப் பிடித்திருந்த ஓட்டுநரையும் ஒருகணம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். லெனார்டு அன்று எழுந்து நின்றது அவர்கள் அனைவராலுமே ஆகும்.